மலை இல்லாத ஒரு போட்டோ

மணி ஏழே முக்கால். எட்டு மணிக்குள் மலை இல்லாத ஒரு போட்டோ எடுத்தாக வேண்டும். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் சாந்த் பாஷாவின் கஃபே மாடியில் அறிவுச்செல்வன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தான்.

வடக்கே மலை. கிழக்கே கோபுரம். தெற்கே ரோட்டோரம் வரிசையாகக் காவி வேட்டிச் சாமியார்கள், பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மேற்கே தென்னந்தோப்பு. இதில் எதைக் காட்டி இதுதான் சென்னை என்று சொல்வது?

"என்னாபா அறிவு, ஊரெல்லாம் மலையைச் சுத்துது. நீ என்னாத்துக்கு மாடியைச் சுத்தற?" என்று கேட்டுக்கொண்டே சாந்த் பாஷா படியேறி வந்தார்.

"போட்டோ பாய். அம்மாவுக்கு."

"எடுத்து அனுப்பு. மலைக்கா இங்க பஞ்சம்?"

"அதான் பாய் பிரச்சினையே. மலை தெரியக்கூடாது. நான் சென்னையில இல்ல இருக்கேன்!"

பாஷா நெற்றியில் அடித்துக்கொண்டு வந்த வழியே இறங்கிப் போனார்.

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரிலிருந்து அறிவு சென்னைக்கு வேலைக்குக் கிளம்பியபோது, அவன் அம்மா தங்கம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "தினமும் காலையில எட்டு மணிக்கு ஒரு போட்டோ அனுப்பணும். நீ நடக்கற ரோடு, திங்கற சோறு, ஏர்ற ரயிலு, எல்லாம் நான் பாக்கணும். நீ இல்லாத வூட்ல எனக்கு அதான் விடியற மாதிரி."

அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருவன் கிளம்பினால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அறிவு முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தான். பேசுவதற்குப் பழைய பட்டன் போன், பார்ப்பதற்கு டச் போன் என்பது தங்கம்மாளின் ஏற்பாடு. எட்டு மணிக்குப் போட்டோ போகும். எட்டு பத்துக்குப் பட்டன் போனிலிருந்து கூப்பிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கும் மேலாக அவன் சென்னையை உள்ளது உள்ளபடி அனுப்பினான். மின்சார ரயிலில் தொங்கும் கைகள், மெஸ்ஸில் ஓட்டை விழுந்த தோசை, மழைக்கு முழங்கால் தண்ணீரில் மிதக்கும் ஸ்கூட்டர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் கதவில் பூட்டும், பூட்டுக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளும் தொங்கின. கம்பெனி மூடியாகிவிட்டது. அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு எப்படி அனுப்புவான்?

ஊருக்குப் போய் நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினான். தைரியம் வருவதற்கு ஒரு தடவை மலையைச் சுற்றிவிட்டுப் போவோம் என்று திருவண்ணாமலையில் இறங்கியதுதான் தப்பு. சுற்றி முடித்து சாந்த் பாஷா கடையில் டீ குடிக்க உட்கார்ந்தான். அன்றைக்குப் பார்த்து சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். வாசலில் பதினோரு வெள்ளைக்காரர்கள் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பாஷா முழிக்கிற முழியைப் பார்க்கச் சகிக்காமல் அறிவு எழுந்து போய் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவினான். தடவியவன் தடவியவன்தான். தங்க அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாதச் சம்பளம், எல்லாவற்றுக்கும் மேலே தூக்கம். சென்னையில் வராத தூக்கம். பாஷா பாய்க்கு அவன் மனசுக்குள் தினமும் ஒரு கும்பிடு போடுவான்.

ஆனால் அம்மாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. "என் புள்ள மெட்ராஸ்ல கம்பெனியில இருக்கான்" என்று அவள் ஷேர் வேனில் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொல்வதை அவனே கேட்டிருக்கிறான். அந்தக் குரல் இறங்கிவிடுமே என்ற பயம். சென்னையில் இருந்த நண்பன் மூர்த்தி தினமும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புவான். அறிவு அதை அம்மாவுக்குத் தள்ளிவிடுவான். எட்டு மாதம் சத்தமில்லாமல் வண்டி ஓடியது.

போன சனிக்கிழமை மூர்த்திக்கு ஐதராபாத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அங்கே போயும் பாவம், மறக்காமல் ஒரு போட்டோ அனுப்பினான். கடைப்பலகை அத்தனையும் தெலுங்கு.

ஆகவேதான் இந்தத் திங்கட்கிழமை மாடிப் பிரதட்சணம்.

கடைசியில் அறிவு கீழே இறங்கி, மூலை மேசையில் ஒரு காபிக் கோப்பையை வைத்தான். பக்கத்தில் பிரான்ஸ் நாட்டு அம்மாள் ஒருவரிடம் இரண்டு நிமிஷம் கடன் கேட்டு வாங்கிய லேப்டாப்பை வைத்தான். பார்த்தால் ஆபீஸ் மாதிரியே இருந்தது. எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கையில் படம் பிடித்து அம்மாவுக்குத் தட்டிவிட்டான்.

தட்டிவிட்ட பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தான். லேப்டாப்புக்குப் பின்னால் கண்ணாடி ஜன்னல். கண்ணாடியில் மலை. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும், உச்சியில் ஒரு துண்டு மேகத்தோடு, சாட்சாத் அண்ணாமலையார் உட்கார்ந்திருந்தார். இந்த ஜில்லாவில் பிறந்த எவரும் அந்த மலையின் முதுகைப் பார்த்தே இன்ன இடம் என்று சொல்லிவிடுவார்கள்.

"ஐயையோ!" என்று அழிக்கப் போனான். அவசரத்தில் 'எல்லோருக்கும் அழி' என்பதற்குப் பதிலாக 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமுக்கிவிட்டான். இப்போது படம் அவனிடம் இல்லை. அம்மாவிடம் பத்திரமாக இருக்கிறது.

எட்டு பத்துக்குப் போன் அடித்தது. அறிவு சாமியை வேண்டிக்கொண்டு எடுத்தான்.

"நைனா, போட்டோ வந்துச்சி."

"அம்மா, அது வந்து..."

"பீச்சு எம்மாம் அழகுடா! அலை அவ்ளோ உசரம் வருதாமே! நீ ரொம்ப கிட்ட போய் நிக்காத. காலை இழுத்துடும்."

அறிவுக்கு ஒன்றும் புரியவில்லை. "பீச்சா?"

"பீச்சு இல்லியா?"

"ஆ... பீச்சுதாம்மா. பீச்சேதான்."

"சரி, கடலைக் காட்டுக்குக் களை எடுக்கப் போவணும். வெச்சிடறேன். ஒடம்பைப் பாத்துக்க."

தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டான். பெருமூச்சு பாதி வருகையிலேயே உறுத்த ஆரம்பித்தது. காபிக் கோப்பை எப்படிக் கடலாகும்?

செவ்வாய்க்கிழமை ஜாக்கிரதையாக இருந்தான். விடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனான். கூட்டம், புகை, ஹாரன் சத்தம், ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு ஓடும் ஜனம். மலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒரு படம் பிடித்தான். அச்சு அசல் சென்னை. அனுப்பிவிட்டுத் திருப்தியாக ஒரு டீ குடித்தான். டீ குடிக்கும்போதுதான் மறுபடி எடுத்துப் பார்த்தான். படத்தின் நட்டநடுவில் ஒரு பஸ். பஸ்ஸின் நெற்றியில் ஒரு சாண் உயர எழுத்தில் 'கீழ்பென்னாத்தூர்'. அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிற பஸ்.

போன் வந்தது.

"மெட்ரோ ரயிலா நைனா அது! பளபளன்னு இருக்குதே! உள்ள ஏசி ஜாஸ்தியா வெப்பாங்க. காதுல துணி கட்டிக்க."

அறிவு டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

கஃபேவுக்கு வந்து பாஷாவிடம் சொன்னான். பாஷா தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"கண்ணுல புரைதான். சந்தேகமே வேணாம். எங்க மாமியாருக்கும் இப்படித்தான் ஆச்சி. வாசல்ல கட்டியிருந்த ஆட்டைப் பாத்து, 'வாங்க மாப்ள, எப்ப வந்தீங்க, உக்காருங்க'ன்னாங்க. நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருக்கேன்."

"அவ்ளோ தூரத்துக்கா போயிருக்கும்?"

"சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட் வெய்யி. நாளைக்கு ஒரு மாட்டை எடுத்து அனுப்பு. மாடுன்னு சொல்றாங்களா பாரு. சொல்லிட்டாங்கன்னா திட்டு வாங்கிக்க. சொல்லலன்னா ஆஸ்பத்திரி."

புதன்கிழமை காலையில் அடி அண்ணாமலை கிராமத்துக்குப் பால் எடுக்கப் போனான். கோயில் பக்கத்தில் ஒரு காளை மாடு, கொம்பில் மஞ்சள் பெயின்ட்டோடு, நடுரோட்டில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. முகம் முழுக்க வரும்படி கிட்டத்தில் போய் எடுத்தான். மலை தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டுவிட்டான். மாட்டிக்கொண்டாலும் பரவாயில்லை, அம்மா 'மாடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

"நைனா, உங்க மேனேஜரு நல்ல மனுஷனாட்டம் இருக்காருடா. மூஞ்சியிலயே ஒரு சாந்தம்."

அறிவு போனைக் காதிலிருந்து எடுத்து அந்த மாட்டை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"கல்யாணம் ஆயிடுச்சா அவருக்கு?"

"தெரியலம்மா" என்றான். அதுதான் உண்மை.

வியாழக்கிழமை அதே மாட்டைத் திரும்ப அனுப்பினான். அன்றைக்கு அது பதினெட்டு மாடிக் கட்டடம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மூன்றாம் தடவை அனுப்பினான். லிஃப்ட்டு.

அன்று காலை அறிவுக்குக் கோபம் கோபமாக வந்தது, தன் மேலேயே. இருபது சொச்சம் கிலோமீட்டரில் ஒருத்தி கண் தெரியாமல் தடவிக்கொண்டிருக்கிறாள். பெற்ற பிள்ளை இங்கே உட்கார்ந்து, மலை தெரியாமல் போட்டோ எடுப்பது எப்படி என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறான். இவனெல்லாம் ஒரு பிள்ளை! அம்மாவுக்குக் கண் நல்லபடியாக வந்தால் போதும், மற்றதெல்லாம் என்ன ஆனால் என்ன என்று முடிவு செய்து போனை எடுத்தான்.

"அம்மா, நாளைக்கு லீவு. சென்னையிலேருந்து பஸ் ஏறி வரேன். நீ திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. கண்ணு டெஸ்ட் பண்ணிக்கலாம்."

"என் கண்ணுக்கு என்னா கேடு? நல்லாதான் இருக்குது."

"அம்பது வயசுக்கு மேல எல்லாரும் பண்ணணும்மா. நாளைக்குப் போட்டோ கிடையாது. நானே வரேன்ல."

"நீயே வரியா!" என்றாள் தங்கம்மாள். அந்த இரண்டு வார்த்தையில் அத்தனை சந்தோஷம் இருந்தது.

சனிக்கிழமை. சென்னையிலிருந்து வருகிறவன் சென்னை பஸ்ஸிலிருந்துதானே இறங்க வேண்டும்? அறிவு தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு அதிகாலையிலிருந்து பஸ் ஸ்டாண்டில் தூணுக்குப் பின்னால் நின்றான். எதிரே தங்கம்மாள், கையில் ஒரு துணிப்பையோடு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை விட்டு இறங்கி நின்றாள். சென்னை பஸ் உள்ளே வளைந்து வந்தது. அது நிற்பதற்குள் அறிவு பின்படியில் தாவி ஏறி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, முன்படி வழியாக அம்மாவின் கண்ணெதிரே கம்பீரமாக இறங்கினான்.

"யோவ்!" என்று கண்டக்டர் படியிலிருந்து கத்தினார். "பின்னால ஏறி முன்னால எறங்கறியே, இதென்ன உங்க வூட்டுத் தாவாரமா?"

"என்னாடா சொல்றாரு?" என்றாள் தங்கம்மாள்.

"ராத்திரியெல்லாம் வண்டியில நின்னுக்கினே வந்தாரும்மா. தூக்கம் இல்ல, பாவம்."

தங்கம்மாள் கண்டக்டரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு மகனின் கன்னத்தைத் தடவினாள். "சதை போட்டிருக்கடா. மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிச்சி."

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்கத் திரும்பினால், முதல் ஆட்டோவிலேயே பரசுராமன். தினமும் கஃபேவுக்குக் காய்கறி மூட்டை கொண்டு வருகிறவன்.

"அறிவு! என்னா இந்தப் பக்கம்? கடையில இன்னிக்கு ஆள் இருக்குதா?"

"யாருடா இவரு?"

"சென்னையில எங்க ஆபீசுக்கு ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தாரும்மா. இப்ப இங்க வந்துட்டாரு."

"ஆபீசைக் கடைங்கறாரே?"

"பிரியமா அப்படித்தான் சொல்வாரு."

ஆட்டோ கிளம்பியது. தங்கம்மாள் சும்மா வருவாளா? முன்னால் குனிந்து, "ஏன் தம்பி, என் புள்ள ஆபீசு எப்படி இருக்கும்?" என்றாள்.

பரசுராமன் கண்ணாடியில் அறிவின் முகத்தைப் பார்த்தான். அது கெஞ்சிக்கொண்டிருந்தது.

"பெரிய ஆபீசும்மா" என்றான் பரசுராமன். சற்று யோசித்து, "இஞ்சி டீ நல்லாயிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால் லேப்டாப் கொடுத்த பிரான்ஸ் நாட்டு அம்மாள் கண்ணுக்கு மருந்து வாங்கிக்கொண்டு எதிரே வருகிறார். ஆறு மாதமாகத் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறவர். இன்றைக்குப் பார்த்தா அதை வெளியில் எடுக்க வேண்டும்?

"வணக்கம் அறிவு! நாளைக்கு இட்லி இருக்கிறதா?"

தங்கம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அறிவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"எங்க கம்பெனி ஓனரும்மா."

அவ்வளவுதான். தங்கம்மாள் துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "தாயி, அப்பன் இல்லாத புள்ளைக்கு வேலை குடுத்துக் காப்பாத்தறீங்க. நீங்க நூறு வருஷம் நல்லாயிருக்கணும்."

பிரான்ஸ் அம்மாளுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது. "உங்கள் மகன் மிக நல்ல தோசை செய்கிறார்" என்றார்.

"பாத்தியா, ஓனருக்கே தோசை சுட்டுப் போடறான்" என்று தங்கம்மாள் அங்கே வரிசையில் நின்றவர்களிடம் பெருமையோடு சொன்னாள். "எனக்கு ஒரு நாள் சுட்டுப் போட்டதில்ல."

உள்ளே இருட்டறையில் எழுத்துப் பலகையை மாட்டினார்கள். தங்கம்மாள் மேல் வரியில் ஆரம்பித்துக் கடைசி வரி வரைக்கும் நிற்காமல் படித்தாள். படித்து முடித்து, "அதுக்கும் கீழே சின்னதா அச்சுக்கூடத்து அட்ரஸ் போட்டிருக்குது. அதையும் படிக்கவா?" என்றாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "புரையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. கிட்டத்துல படிக்கறதுக்கு மட்டும் ஒரு கண்ணாடி வேணா போட்டுக்கட்டும். தூரப் பார்வை நமக்கே இவ்ளோ கிடையாது."

அறிவு சந்தோஷப்பட வேண்டும். பட முடியவில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்றால் கோளாறு எங்கே?

அறைக்கு வெளியே பெஞ்சில் அம்மாவை உட்கார வைத்து, போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினான்.

"இது என்னாம்மா?"

"மாடு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"இதுல நல்லாப் பாக்கறதுக்கு என்னாடா இருக்குது? காளை மாடு. கொம்புல மஞ்சா பெயின்ட்டு. பின்னால அடி அண்ணாமலை கோயிலு."

"இதைத்தாம்மா புதன்கிழமை உனக்கு அனுப்புனேன். நீ மேனேஜருன்னு சொன்ன. கல்யாணம் ஆச்சான்னு கேட்ட."

தங்கம்மாளின் முகம் மாறியது. புடவைத் தலைப்பை முறுக்கினாள். "அப்படியா சொன்னேன்?" என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு முணுமுணுத்தாள். "மறந்துட்டேன் போலக்குது."

மறந்துவிட்டாளாம்! அறிவுக்கு உடைந்துவிட்டது. அம்மாவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்துவிட்டது. இனிமேல் அவளைத் தனியாக விட முடியாது. கூடவே இருக்க வேண்டும் என்றால், எங்கே இருந்தோம் என்பதைச் சொல்லித்தான் தீர வேண்டும். சொல்லியும்விட்டான். பூட்டு, வெள்ளைத்தாள், தோசைக்கல், மூர்த்தி, ஐதராபாத் என்று ஒன்று விடாமல், பெஞ்சுக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

தங்கம்மாள் விரலை மடக்கி எண்ணினாள்.

"எட்டு மாசமாவா?"

"ஆமாம்மா."

"நம்மூருக்கு பஸ்ஸுல முக்கா மணி நேரம்."

"ஆமாம்மா."

"ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை கறி எடுத்து, ரெண்டு நாளு ஒத்தையா உக்காந்து தின்னுக்கினு இருந்தேன்டா பாவி."

அறிவு தலையை நிமிர்த்தவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். ஆனால் தங்கம்மாள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே வெயிலில் மலை முழுசாக நின்றது. அவள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

"அப்பனே, மெட்ராஸ்ல என் புள்ளையைக் காப்பாத்துன்னு தினமும் உன்னைக் கேட்டேன். அவ்ளோ தூரம் எதுக்குன்னு உன் காலடியிலயே வெச்சிக்கினியா! உனக்கு நான் என்னாத்தக் குடுப்பேன்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "அங்க சந்தோஷமா இருக்கியாடா?"

"ரொம்பம்மா. பாஷா பாய் என்னைக் கூடப் பொறந்த தம்பியாட்டம் பாத்துக்கறாரு."

"அப்ப முதல்ல அவரைக் காட்டு."

கஃபேவில் பாஷாவின் எதிரே போய் நின்றாள் தங்கம்மாள். பிறகு சென்னைக்குக் கொடுத்தனுப்பக் கொண்டு வந்த வறுத்த வேர்க்கடலை, எள்ளுருண்டை, ஊறுகாய் எல்லாவற்றையும் துணிப்பையோடு அவர் கையில் திணித்தாள். பாஷா கூச்சத்தில் நெளிந்து, "அறிவு வந்த பிறகுதாம்மா இந்தக் கடைக்கே வெளிச்சம். நாந்தான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கேன்" என்றார். தங்கம்மாள் மகன் போட்ட காபியைக் குடித்துப் பார்த்து, "டிகாக்ஷன் கம்மி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் பூரித்திருந்தது.

எல்லாம் சரி. ஆனாலும் மாடு மேனேஜரானது அறிவின் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அம்மாவைத் தனியே அனுப்பப் பயந்து அவனும் கூடவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தான். அவள் அடுப்பைப் பற்ற வைக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அம்மா, நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். நீயும் மறைக்காதம்மா. தலை சுத்துதா? பேரு மறந்து போவுதா? வந்த வழி மறக்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லடா."

"அப்ப கோயில் மாடு எப்படிம்மா மேனேஜராச்சி? நம்மூரு பஸ்ஸு எப்படி மெட்ரோவாச்சி?"

தங்கம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். குற்றம் செய்த குழந்தை மாதிரி அவனைப் பார்த்தாள்.

"அந்த டச் போனு எங்கிட்ட இல்லடா."

"தொலைஞ்சிடுச்சா?"

"பக்கத்து வூட்டு ரூபீனாகிட்ட குடுத்துட்டேன். மூணு மாசம் ஆவுது. அவ வூட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சி. டச் போனு இருந்தா பிளவுஸ் டிசைன் பாத்துத் தெச்சி நாலு காசு பாப்பேன் பெரியம்மான்னா. மனசு கேக்கல, எடுத்துக் குடுத்துட்டேன். உன் மொத சம்பளத்துல வாங்குனது, சொன்னா நீ வருத்தப்படுவியேன்னுதான் வாயைத் திறக்கல."

"அப்ப என் போட்டோ?"

"எட்டு மணிக்கு அவதான் பாத்துட்டு செவுத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து சொல்வா. பீச்சுல நிக்கறாரு, மெட்ரோல போறாருன்னு. கேட்டுட்டு நான் ஒடனே உனக்குப் போன் போடுவேன். சாயங்காலம் போய் காட்டுடின்னா, இந்த வாரமெல்லாம் மெமரி நெறைஞ்சி அழிஞ்சி போச்சின்னே சொல்றா. மெஷினு சரியில்லடா அது."

அறிவுக்குச் சிரிப்பு ஒரு பக்கம் வந்தது, அழுகை ஒரு பக்கம் வந்தது. அம்மாவுக்குக் கண்ணும் நல்லா இருக்கிறது, புத்தியும் நல்லா இருக்கிறது. வேறென்ன வேண்டும்? போன் போனால் போகிறது. இன்றைக்கு ஒரு நாள் போட்டோ அனுப்பாததற்கே இத்தனை நல்லது நடந்திருக்கிறது. அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பிறகுதான் உறைத்தது. மலையும் பஸ்ஸும் மாடும் அந்த ரூபீனா கையில்தானே போய்ச் சேர்ந்தன? அவளுக்கென்ன கண் தெரியாதா?

அதை வாய்விட்டுக் கேட்பதற்குள், காலையில் முதல் பஸ்ஸுக்கே போளூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்த ரூபீனாவின் குரல், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது:

"பெரியம்மா, கவலைப்பட்டுக்கினு இருந்தீங்களா? தம்பி போட்டோ காலையில டாண்ணு எட்டு மணிக்கே வந்துடுச்சி, இன்னிக்கு ஏரோப்ளேன் பக்கத்துல நின்னுக்கினு உங்களுக்கு டாட்டா காட்டறாரு!"